நான்கு துளைகள் கொண்ட நடைவண்டி

தம்பியின் மகளுக்கு இந்த ஆடி மாதத்தோடு பதினோரு மாதம் நிறைகிறது. சுவரைப் பிடித்து எழுந்து நிற்கிறாள். கையை விட்டால் உட்கார்ந்துவிடுகிறாள். ஏற்காட்டில் அக்கா வீட்டுப் பரணில் கிடக்கும் அப்பாவின் நடைவண்டியைச் சரிசெய்துதர முடியுமா என்று வைகாசிக் கடைசியில் தம்பி கேட்டான். முடியும் என்று உடனே சொல்லிவிட்டேன். எப்படி என்று பிறகுதான் யோசித்தேன். அப்பா மறைந்து 2 ஆண்டுகள் ஆகின்றன. சேலம் அம்மாப்பேட்டையில் 40 ஆண்டுகளுக்கு மேல் தச்சுப் பட்டறை நடத்தியவர் அவர். அவருடைய உளிகளும் இழைப்புளிகளும் என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியில் இருக்கின்றன. ஆறு ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துக்கொண்ட இந்த வேலையை, செய்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன். பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்க்க நினைப்பவர்களுக்கு இதில் சில குறிப்புகள் பயன்படலாம். அப்பாவைப் பற்றி இத்தனை வயதுக்குப் பிறகு நான் தெரிந்துகொண்டதும் இதில் இருக்கிறது.

நான் அரசுப் பள்ளியில் கணிதம் கற்பிப்பவள். தச்சு என் தொழில் அன்று. ஆனால் பட்டறையும் வீடும் ஒரே கூரையின்கீழ் இருந்த காலத்தில், பள்ளி விட்டு வந்ததும் அப்பா அறுக்கும் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வது என் பொறுப்பாக இருந்தது. பலகை ஆடினால் ரம்பம் சிக்கும். அப்பா திட்டமாட்டார், ரம்பத்தை நிறுத்திவிட்டு என் கை நிலைகொள்ளும்வரை காத்திருப்பார். கதவும் சன்னலும் செய்வது அவருடைய முதன்மையான தொழில். சுற்றிலும் நெசவாளர் வீடுகள் என்பதால் தறிமரங்களைப் பழுதுபார்ப்பதும் வாரந்தோறும் இருக்கும். தறி நின்றால் அந்த வீட்டில் கூலி நின்றுவிடும் என்று சொல்லி, கதவு வேலையை அப்படியே வைத்துவிட்டுத் தறி வேலைக்குப் போவார். பட்டறையில் சேர்ந்த மரத்தூள்தான் எங்கள் வீட்டு அடுப்புக்கு எரிபொருள். தூளை அடுப்பில் கெட்டியாக இடித்து நிரப்பி, நடுவில் நட்ட கட்டையை உருவிவிட்டுப் பற்றவைத்தால் உலை கொதித்து, குழம்பு கூட்டி, அதன்பிறகும் மரம் ஒட்டும் வச்சிரப் பசைப் பாத்திரத்தைச் சூடாக வைக்கும் அளவுக்குக் கணகணவென்று இருக்கும். சோற்று வாசமும் வச்சிர வாசமும் கலந்த அந்தச் சமையலறை இன்னும் என் நினைவில் இருக்கிறது.

வண்டியைக் கீழே கொண்டுவந்ததும் கையை வைக்கவில்லை. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரமோ 300 மீட்டருக்கும் கீழே. மேலே பனிமூட்டத்திலும் ஈரக்காற்றிலும் பல ஆண்டுகள் ஊறிய மரம், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஒரே நாளில் சேலத்து வெக்கைக்கு வந்தால் ஈரத்தை விரைந்து இழந்துவிடும். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதில்லை, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். அதனால் சட்டத்தின் நீளம் மாறாமலே இருக்க, பொளிக்குள், அதாவது மரத்தில் குடைந்த துளைக்குள், செருகியிருக்கும் கழுந்து எனும் சீவிய முனை மட்டும் மெலிந்து ஆடத் தொடங்கும். அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு உடனே ஆப்பு அடித்தால், பிறகு ஈரக்காற்று வரும்போது மரம் பருத்துப் பொளி பிளந்துவிடும். ஆகவே வெயில் படாத திண்ணையில், காற்றோட்டத்தில், இரண்டு வாரங்கள் சும்மா வைத்திருந்தேன். அந்த இரண்டு வாரங்களில் பெட்டியைத் திறந்து கருவிகளைச் சரிசெய்தேன்.

உளிகளில் துரு ஏறியிருந்தது. மேல்துருவை மண்ணெண்ணெய் தொட்ட உப்புத்தாளால் எடுத்துவிட்டேன். முனையைத் தீட்டும்போது ஒரு தவறு செய்தேன். அவசரத்தில் பக்கத்துப் பட்டறை ஒன்றின் சாணை மிஷினில் அரை அங்குல உளியைப் பிடித்தபோது, இரண்டு நொடி கூடுதலாக அழுத்திவிட்டதால் முனை நீலம் பாய்ந்துவிட்டது. எஃகு வைக்கோல் நிறம் காட்டும்போது ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். நீலம் வந்துவிட்டால் 300 டிகிரியை எட்டிவிட்டது என்று பொருள். அந்தச் சூட்டில் உளிக்கு வேண்டிய கடினம் இறங்கிவிடும். எவ்வளவு தீட்டினாலும் நாலு வெட்டில் மழுங்கும். அப்பாவிடம் 13 வயதில் வேலைக்குச் சேர்ந்து, இப்போது தனியாகப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் உண்டு. உடன்பிறந்தவர் இல்லை என்றாலும் எங்கள் மூவருக்குமே அவர் அண்ணன்தான். உளியைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிஷின் வேண்டாம் பாப்பா. ஐயா கல்லுலதாங்க தீட்டுவாரு. நீலம் பட்ட வரைக்கும் கல்லுலயே தேச்சு எடுத்துரு, நேரமானா ஆகட்டும்" என்றார். இரண்டு மாலைகள் ஆயின. 25 டிகிரிச் சாய்வை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு, நீர் தெளித்த கல்லில், நீலம் முழுவதும் தேய்ந்து போகும்வரை இழுத்தேன். முனை கூடியபோது என் புறங்கை முடியை மழித்தது. அப்பாவும் அப்படித்தான் சோதிப்பார். ஆயுத பூசைக்கு முந்தைய நாள் அவருடைய இடது புறங்கை வழவழவென்று இருக்கும்.

வண்டியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் அகன்றும் முன்னால் குவிந்தும் வரும் இரண்டு வேப்பஞ்சட்டங்கள். முன்முனையில் ஒரு கனமான கட்டை, அதன்கீழ் ஒரு சக்கரம். பின்னால் கருவேலம் அச்சில் இரண்டு சக்கரங்கள். சக்கரங்கள் பூவரசு, விட்டம் 12 செ.மீ., தடிமன் 3 செ.மீ. பின்சட்டத்திலிருந்து இரண்டு நிலைக்கால்கள் சற்றே பின்பக்கம் சாய்ந்து எழும். ஒவ்வொரு காலிலும் நான்கு துளைகள். உருண்டையான கைப்பிடிக் கழி இரு கால்களின் துளைகளிலும் நுழைந்து, இருபுறமும் முளை இறங்கி நிற்கும். முளையை உருவினால் கழியை வேறு துளைக்கு மாற்றலாம். குடும்பத்துக் குழந்தைகள் பலரும் இதைப் பயன்படுத்துவார்கள், உயரம் ஆளுக்கு ஆள் மாறும், அதற்காகத்தான் நான்கு துளைகள் என்று நான் இந்த ஆண்டுவரை நினைத்திருந்தேன்.

முதல் ஞாயிறு, 2008-இல் நான் செய்த பழுதுபார்ப்பைப் பிரிப்பதிலேயே போயிற்று. என் மகன் இந்த வண்டியைத் தள்ளிய காலத்தில் பின்பொருத்து ஒன்று ஆடியது. அப்பா அப்போது வெளியூர் வேலையில் இருந்தார். நான் வெள்ளைப் பசையை ஊற்றி, இரண்டரை அங்குல இரும்பாணி ஒன்றை அடித்துவிட்டேன். அப்பா திரும்பி வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, ஏனென்றால் அந்த ஆணி கழுந்தை நீளவாக்கில் பிளந்திருந்தது. ஏற்காட்டு ஈரத்தில் துருப்பிடித்துச் சுற்றியிருந்த மரத்தையும் கறுக்கவைத்திருந்தது. அப்பா போட்ட மற்றப் பொருத்துகள் எல்லாம் வச்சிரமும் மூங்கில் முளையும் மட்டுமே. வச்சிரம் விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சி எடுக்கும் பசை. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றி இருபது நிமிடம் விட்டால் இளகிவிடும். கொட்டாப்புளி எனும் மரச் சுத்தியால் மெல்லத் தட்டினால் பொருத்து எந்தச் சேதமும் இல்லாமல் கழன்று வரும். 45 ஆண்டுகளுக்கு முன் ஒட்டிய பொருத்து, நேற்றுப் போட்டதைப் போலப் பிரிந்து வந்ததைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஊற்றிய வெள்ளைப் பசை மட்டும் விடவில்லை. சூடான வினிகரைத் துணியில் தோய்த்துப் பலமுறை வைத்து, உளியால் கொஞ்சங்கொஞ்சமாகச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. பழைய சாமானைப் பழுதுபார்க்கிறவர்கள், அடுத்து ஒருவர் இதைப் பிரிக்க வேண்டிவரும் என்பதை மனதில் வைத்துப் பசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாம் ஞாயிறு வண்ணம் எடுக்கும் வேலை. வண்டி முழுவதும் நீல எனாமல் பூசப்பட்டிருந்தது. குழந்தைச் சாமான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து எனாமல் வண்ணங்களில் ஈயம் சேர்ந்திருப்பது வழக்கம். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய நீலத்தை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் ஈயத்தூள் காற்றில் பறக்கும். சூடு காட்டி உரித்தால் புகையாக மூக்கில் ஏறும். எதையும் கடித்துப் பார்க்கும் வயதுக் குழந்தைக்கு அது சிறிதளவு போனாலும் கேடு. ஆகவே கொல்லைப்புறத்தில் செய்தித்தாள் பரப்பி, முகக்கவசம் கட்டி, மரத்தை நீரால் நனைத்து நனைத்து, உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். பளபளப்பான முகத்துக்குக் கண்ணாடிச் சில்லை மிஞ்சிய சுரண்டி இல்லை என்று அப்பா சொல்வார். சுரண்டல்களை ஈரத்தோடே தாளில் மடித்துக் கட்டி அகற்றினேன். உடுத்தியிருந்த துணியைத் தனியாகத் துவைத்தேன். அன்று முழுவதும் தம்பி மகளை வீட்டுப் பக்கம் அழைத்துவர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

வலது நிலைக்காலில் நீலம் பாதி போனபோது, மரத்தின் நிறம் ஒரு சாய்கோட்டில் மாறுவதைக் கண்டேன். கோட்டுக்குக் கீழே செம்பழுப்பு வேம்பு. மேலே பொன்னிறத் தேக்கு. இடது காலிலும் அதே உயரத்தில் அதே கோடு. ஒவ்வொரு காலும் இரண்டு மரங்களால் ஆனது! பழைய காலை நடுவில் சாய்வாகச் சீவி, அதே சாய்வில் சீவிய புதுத் துண்டை அதன்மேல் படியவைத்து ஒட்டியிருக்கிறார். அளந்து பார்த்தேன். காலின் தடிமன் 2.5 செ.மீ., சாய்வின் நீளம் 20 செ.மீ. எட்டுக்கு ஒன்று என்ற இந்தச் சாய்வில் ஒட்டும் பரப்பு அகன்று கிடைப்பதால், ஒட்டு ஏறக்குறைய முழுமரத்தின் வலிமைக்கே வந்துவிடும். நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். ஒட்டின் எந்த இடத்திலும் நகம் தடைபடவில்லை. நான்கு துளைகளும் தேக்குப் பகுதியில்தான் இருந்தன: தரையிலிருந்து 42, 47, 52, 57 செ.மீ. உயரங்களில். நடக்கப் பழகும் குழந்தைக்குக் கைப்பிடி அதன் முழங்கை உயரத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் போதும். 42 சரியான அளவு. ஆனால் 57 செ.மீ. நான்கைந்து வயதுக் குழந்தைக்கான உயரம். அந்த வயதில் யாரும் நடைவண்டி தள்ளுவதில்லை. அப்படியிருந்தும், நான்கு துளைகளில் மிக அதிகம் தேய்ந்திருந்தது அந்த மேல்துளைதான்.

வண்டியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தின் அழுக்கை ஈரத்துணியால் துடைத்தபோது, குறுக்குப் பலகையில் அப்பாவின் பென்சில் எழுத்து தெரிந்தது. முதல் வரியில் "1979 தை" என்று மட்டும் இருந்தது. அது அக்காவுக்காக வண்டி செய்த மாதம். அதன்கீழே நான்கு வரிகள், ஒவ்வொன்றிலும் ஆண்டும் மாதமும் ஓர் எண்ணும்: 1986 ஐப்பசி 42, 1987 ஆடி 47, 1988 தை 52, 1990 மாசி 57. நான் பிறந்தது 1982. நான்கு வரிகளும் என் தம்பிக்குரியவை.

தம்பிக்கு ஒன்றேகால் வயதில் காய்ச்சல் வந்து இடது கால் துவண்டுவிட்டது, இளம்பிள்ளை வாதம். நாடு முழுவதும் ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுக்கும் முகாம்கள் 1995-இல்தான் தொடங்கின. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. எனக்கு அப்போது நான்கு வயது. மாலையில் அப்பா பட்டறையை மூடிவிட்டுத் தம்பியின் காலுக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது நினைவில் இருக்கிறது. வெளியூரில் தேர்வேலைக்கும் மாளிகைக் கதவு வேலைக்கும் நல்ல கூலிக்கு அழைத்தவர்களிடம், தம்பிக்குப் பத்து வயது ஆகும்வரை அவர் போகவே இல்லை. மாலை நீவல் தவறக் கூடாது என்பதே காரணம் என்று அம்மா பின்னால் சொன்னார். முகாம்கள் தொடங்கிய பிறகு, எங்கள் தெருவில் சொட்டு மருந்து கொடுக்கும் நாளில் விடியற்காலையிலேயே பட்டறைப் பெஞ்சைத் தூக்கிக்கொண்டுபோய்ப் போட்டு, கடைசிக் குழந்தை வரும்வரை அங்கேயே நிற்பார். 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்ட செய்தியை, மறுநாள் செய்தித்தாளில் அவர் அம்மாவுக்கு இரண்டு முறை வாய்விட்டுப் படித்துக் காட்டினார். இவையெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் இந்த வண்டியைத் தம்பிக்காகவே அறுத்து நீட்டினார் என்பதும், அவன் வளர வளர நான்கு ஆண்டுகள் கழியை ஒவ்வொரு துளையாக ஏற்றினார் என்பதும் எனக்குத் தெரியாது. தம்பிக்கு ஓரளவு நினைவிருந்தது. தொலைபேசியில் சொன்னபோது சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மேல்துளைக்கு ஏத்துன அன்னைக்கு நான் ஸ்கூல் வாசல் வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போனேன் அக்கா" என்றான். பிறகு காலணியோடு சேர்ந்த இரும்புச் சட்டம் கிடைத்தது, வண்டி தேவைப்படவில்லை. இன்று செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை செய்கிறான்.

நீலம் பூசியது ஏன் என்ற கேள்வி இருக்கிறது. வேம்பும் தேக்கும் நிறத்தில் ஒவ்வாததால் பூசியிருப்பார் என்கிறான் தம்பி. அப்பா தன் வாழ்நாளில் நல்ல மரத்தின்மேல் எனாமல் பூசி நான் பார்த்ததில்லை. தன் வண்டி மற்றக் குழந்தைகளின் வண்டியைப் போல இல்லாமல் ஒட்டுப்போட்டதாக இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றிவிடக் கூடாது என்பதற்காகவே பூசினார் என்று நான் நம்புகிறேன்.

மூன்றாம் ஞாயிறு இன்னொன்றும் கண்ணில் பட்டது. முன்கட்டையின் அடியில், 5 செ.மீ. விட்டத்தில் வட்டமான மர அடைப்பு ஒன்று, இழை ஓட்டம் மாறி இருந்தது. முடிச்சு விழுந்த இடத்தை அடைத்திருக்கிறார் என்று முதலில் எண்ணினேன். காந்தத்தைக் காட்டியபோது ஒட்டிக்கொண்டது. அண்ணனிடம் கேட்டேன், அவர் சேர்ந்த புதிதில் நடந்த வேலை அது. லேத்துப் பட்டறைக் கழிவிலிருந்து இரும்புத் துண்டுகளைப் பொறுக்கிவந்தவரே அவர்தான். "தம்பி எடைக்கு மணலை மூட்டை கட்டிக் கைப்பிடியில தொங்கவிட்டாருங்க. முன்சக்கரம் தூக்குச்சு. இரும்பு போட்டுப் போட்டுப் பார்த்தாரு. தூக்காம நின்னதும் வச்சிரத்தோட மரத்தூளைக் குழைச்சு அடைச்சாரு" என்றார். காரணம் எளிது. நிலைக்கால்கள் பின்பக்கம் சாய்ந்தவை; அவற்றை நீட்டினால் கைப்பிடி அச்சிலிருந்து இன்னும் பின்னால் போகும். காலில் வலு இல்லாத குழந்தை தன் எடையைக் கைப்பிடியில்தான் போடும். வண்டி பின்பக்கம் மல்லாந்துவிடும். அன்று மாலை ஒரு கணக்குப் போட்டேன். வண்டியின் எடை 4 கிலோ 550 கிராம். ஓர் இரும்புக் கம்பியின்மேல் நிறுத்திப் பார்த்தபோது அதன் எடைமையம் பின்னச்சுக்கு 24 செ.மீ. முன்னால் இருந்தது, 4.55-ஐ 24-ஆல் பெருக்கினால் 109. மேல்துளையில் கைப்பிடி அச்சுக்கு 12 செ.மீ. பின்னால் வருகிறது. வண்டியை நீட்டியபோது தம்பி 9 கிலோ இருந்தான் என்கிறார் அம்மா. 9-ஐ 12-ஆல் பெருக்கினால் 108. நெம்புகோல் பாடத்தைப் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் நடத்துகிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அப்பா மணல் மூட்டையைக் கொண்டு வந்துசேர்ந்த விடை அது. அடைப்பை நான் திறக்கவில்லை. சுற்றிலும் புது வச்சிரம் மட்டும் தடவி விட்டுவிட்டேன்.

இடையில் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு உறவினர்கள் வந்ததால் ஒரு வாரம் வேலை நடக்கவில்லை. அடுத்த ஞாயிறு சக்கரங்கள். நடுத்துளை 22 மி.மீ. வட்டமாக இருந்திருக்க வேண்டும். தேய்ந்து 27 மி.மீ. நீள்வட்டமாகியிருந்தது. சக்கரத்தையே மாற்றிவிடலாம் என்றார் அண்ணன். பூவரசில் ஒரு கீறல்கூட இல்லாதபோது மாற்ற எனக்கு மனம் வரவில்லை. துளையை 34 மி.மீ. ஆக வட்டமாக விரித்து, உள்ளே ஒரு குழல் செருகுவதென்று முடிவுசெய்தோம். குழலுக்குக் காப்பி மரம். சேர்வராயன் மலைத் தோட்டங்களில் மகசூல் குறைந்த பழைய செடிகளைப் பிடுங்கும்போது கிடைக்கும் அடித்தண்டு கனமானது. நெருக்கமான இழையும் உடையது. அக்கா வீட்டுக்காரர் தோட்ட வேலையில் இருப்பவர். அவர் பரணில் பல ஆண்டுகளாகக் காய்ந்துகிடந்த தண்டு ஒன்றைக் கொடுத்தார். தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் எளிதாகக் கிடைக்கும். ஆனால் அது இலேசான மரம், பெட்டிக்கும் பலகைக்கும் ஆகும், உராயும் இடத்துக்கு ஆகாது. சேலம் குகைப் பகுதியில் ஒரு கடைசல் பட்டறையில் வெளிவிட்டம் 34, உள்விட்டம் 22.5 மி.மீ. என்று கடைந்துவாங்கினேன். இழை அச்சின் போக்கிலேயே ஓடும்படி கடையச் சொல்ல வேண்டும். குறுக்காக ஓடினால் குழல் இரண்டாகப் பிளக்கும். உராய்வுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த மசகு. கட்டை வண்டிகளுக்குப் போடுவது அதுதான். இதைத் துளைக்குள் மட்டும், மிகக் கொஞ்சமாக.

சக்கரத்தைக் கழற்றும்போது கவனித்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பின்சக்கரங்களுக்கும், அவை கழலாமல் அச்சின் முனையில் செருகும் கடையாணிக்கும் நடுவே ஒரு தோல் வளையம் இருந்தது, செருப்புத் தோலில் வெட்டியது. கடையாணி நேரான குச்சியாக இல்லாமல் ஆப்பைப் போல ஒருபக்கம் பருத்திருந்தது. அதைக் கீழே அடிக்க அடிக்கத் தோல் வளையம் சக்கரத்தை நெருக்கும். சக்கரம் கனத்துச் சுழலும். நிற்கத் தொடங்கும் குழந்தைக்கு வண்டி ஓடிவிடக் கூடாது. குழந்தை தள்ளினால் மட்டும் நகர வேண்டும். கால் ஊன்றியதும் கடையாணியை ஒரு நூலளவு மேலே தட்டிவிட்டால் வண்டி இலேசாகும். தோல் காய்ந்து நொறுங்கியிருந்ததால் அதே அளவில் புதுத் தோல் வெட்டினேன். கடையாணிகள் அப்பாவுடையவையே.

ஐந்தாம் ஞாயிறு கூட்டுதல். வச்சிரக் குருணையை முந்திய இரவே குளிர்ந்த நீரில் ஊறவைத்து, மறுநாள் கொதிநீர் உள்ள பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துச் சூடாக்க வேண்டும். 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கவிட்டால் பிடிப்பு போய்விடும். பிளந்த கழுந்துக்கு மட்டும் பழைய வேப்பமரத் துண்டிலிருந்து மாற்றுக் கழுந்து செய்து செருகினேன். பொளிக்குள் அப்பாவின் கோடுகள் கூர்மையாக இருந்தன. பென்சிலால் போடாமல் கத்தி நுனியால் கீறிய கோடுகள். அவற்றைத் தொட்டுவிடாமல் உளியை அந்தக் கோட்டிலேயே நிறுத்த எனக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. மூங்கிலின் புறத்தோலை ஒட்டிய கடினமான பகுதியில் முளைகள் சீவி இறக்கினோம். கயிற்றைச் சுற்றி, குச்சியைச் செருகி முறுக்கி, ஓரிரவு விட்டேன். காலையில் கயிற்றை அவிழ்த்ததும் வண்டியைத் தரையில் வைத்து மூலைகளை அழுத்திப் பார்த்தேன், ஆடவில்லை.

பூச்சுக்கு அரக்கு. 100 மில்லி ஸ்பிரிட்டில் 15 கிராம் அரக்குச் செதிலை இரண்டு நாள் ஊறவைத்து வடிகட்டி, பஞ்சைச் சுற்றிய பழைய வேட்டித் துணியால் ஐந்து கை பூசினேன். ஸ்பிரிட் பறந்தபின் எஞ்சுவது அரக்கு மட்டுமே. மாத்திரைகளுக்கு மேற்பூச்சாகவும் பயன்படுவது அது. நீர் பட்டுப் பூத்தால் மேலே இன்னொரு கை பூசினால் போதும்; புதிய அரக்கு பழையதைக் கரைத்து ஒன்றாகிவிடும். பத்து நாள் காயவிட்டேன். சாய்கோடு இப்போது நன்றாகத் தெரிகிறது: கீழே வேம்பு, மேலே தேக்கு. மறைக்க வேண்டுமா என்று தம்பியிடம் கேட்டேன். வேண்டாம் என்றான்.

ஆறாம் ஞாயிறு அவன் வந்தான். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், முதல் நாளே அவளை நிறுத்தி முழங்கை உயரத்தை அளந்து, ஒரு நூலில் முடிச்சிட்டுக் கொண்டுவந்திருந்தான். முடிச்சு 44 செ.மீ.-இல் வந்தது. கழியைக் கீழ்த்துளையில் போட்டு முளையை இறக்கினோம். வண்டியைக் கவிழ்த்து, அப்பாவின் ஐந்து வரிகளுக்குக் கீழே ஆண்டையும் மாதத்தையும் 42 என்ற எண்ணையும் அவனே எழுதினான். அந்த எழுத்துகளின்மேல் நான் அரக்கு பூசியிருக்கவில்லை. இன்னும் எழுத இடம் இருக்கிறது. பிறகு நிமிர்த்திவைத்து, கொட்டாப்புளியை அவன் கையில் கொடுத்தேன். இரண்டு கடையாணிகளையும் ஒவ்வொரு தட்டு தட்டினான். கைப்பிடியில் ஒரு விரலை வைத்துத் தள்ளிப் பார்த்தான்; வண்டி ஒரு சாண் ஓடி நின்றது. தலையை ஆட்டிவிட்டு, இடதுபக்கக் கடையாணியை மட்டும் இன்னொரு தட்டு தட்டினான்.